ஒளியும் சுவரும்: இலத்திரனியல் தெருக்கலை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

வைகாசிப் பௌர்ணமியை அண்டிய இரவுகளிற் கொழும்பு நகரில் நடந்து திரிந்தோர் வெசாக் தோரணங்களைக் காணாதிருத்தல் அரிது. பல மாடி உயரமான சட்டகத்திலே புத்த சாதகக் கதையொன்றின் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான நிற மின்குமிழ்கள் ஓடியும் நின்றும் சுழன்றும் கோலங்காட்டும். நீண்டகாலமாக இக்கோலங்களை இயக்கியது சுழலும் உருளை ஒன்றே. உருளையிற் பதித்த உலோகத் தகடுகள் தொடுகம்பிகளை முறைப்படி தீண்ட, குமிழ் வரிசைகள் மாறிமாறி ஒளிரும். பின்னாளில் அவ்வுருளையின் இடத்தை இலத்திரனியற் சுற்றுகள் பிடித்துக்கொண்டன. நமது கோவில் திருவிழாக்களின் மின்விளக்குச் சோடனைகளும் இத்தொழிலுக்கு நெருங்கிய உறவினவே. ஆதலின், ஒளியையும் மின்சுற்றையும் கொண்டு தெருவிலே கலை படைத்தல் என்பது நம்மவர்க்குப் புதியதொரு செய்தியன்று.

ஆயினும் தோரணம் அனுமதி பெற்ற கலை. விகாரையின் ஆசியும் வணிகரின் நன்கொடையும் அதற்கு உண்டு. அதைக் காண வரும் சனக்கூட்டத்தைப் பொலிஸாரே ஒழுங்குபடுத்துவர். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இதற்கு மறுதலையான ஒன்றை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மேலைநாட்டு நகரங்கள் சிலவற்றில், பெரும்பாலும் எவரது இசைவையும் பெறாது, ஒளியாலும் இலத்திரனியற் சாதனங்களாலும் ஆக்கப்பட்ட கலையே ஈண்டு ஆராயப்படுகின்றது. சாயம் பூசியவன் சுவரைப் பழுதாக்கினான் என்று குற்றஞ்சாட்டலாம். ஒளி சுவரில் எதையும் விட்டுச் செல்வதில்லை. கருவியை அணைத்த கணத்திற் சுவர் முன்னிருந்தவாறே இருக்கும். அவ்வாறாயின் ஒளியால் எழுதியோரும் ஏன் கைது செய்யப்பட்டனர்? இவ்வினாவுக்கு விடை காண, நகரத்து ஒளி யாருடைய உடைமையாய் இருந்துவந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

பாரிஸ் நகரிலே தெருவிளக்குகள் முறையாக ஏற்றப்பட்டது 1667 ஆம் ஆண்டில். நகரின் பொலிஸ் தலைமைப் பதவி உருவாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். முதன்முதல் அப்பதவியை வகித்த லா ரெனியின் பொறுப்பிலேயே விளக்குகளும் விடப்பட்டன. தெருவின் குறுக்கே கயிற்றிற் கட்டித் தொங்கவிடப்பட்ட அவ்விளக்குகள் அரசனின் கண்களாக மக்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. விளக்கை உடைத்தல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1830 யூலைப் புரட்சியின்போது கிளர்ச்சியாளர் தெருவிளக்குகளைத் திட்டமிட்டே உடைத்து நொருக்கினர். இருள் அவர்களுக்கு அரணாயிற்று. செயற்கை ஒளியின் சமூக வரலாற்றை எழுதிய ஜேர்மன் அறிஞர் வொல்ஃப்காங் ஷிவெல்புஷ் இந்நிகழ்ச்சிகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மின்சாரம் வந்த பின்னர் அரசோடு வாணிபமும் ஒளிக்கு உரிமை கொண்டாடத் தொடங்கியது. 1925 முதல் 1934 வரை ஈபெல் கோபுரத்தின் பக்கங்களிலே சிற்றுந்து உற்பத்தியாளரான சித்ரோவெனின் பெயர் சுமார் 250,000 மின்குமிழ்களால் எழுதப்பட்டிருந்தது. நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1928 நொவெம்பர் 6 ஆம் திகதி 14,800 மின்குமிழ்கள் கொண்ட ஓடும் எழுத்துப் பட்டி இயங்கத் தொடங்கி, ஹூவர் சனாதிபதியாகத் தெரிவான செய்தியை அறிவித்தது. அடுத்த பத்தாண்டில் நூரெம்பேர்க் நகரின் நாஸிக் கட்சி மாநாடுகளுக்கு அல்பேட் ஷ்பேயர் அமைத்த 'ஒளித் தேவாலயம்' விமான எதிர்ப்புத் தேடொளி விளக்குகளை நூற்றுக்கும் மேலாக வானை நோக்கி நிறுத்தி ஆக்கப்பட்டது. கண்காணித்தல், விற்றல், மயக்குதல் என்ற பணிகளுக்கே நகரத்து ஒளி பெரிதும் பயன்பட்டு வந்தது. கண்ணுற்றவன் வாசகனாகவோ நுகர்வோனாகவோ தொண்டனாகவோ நிற்கலாம். எழுதுபவனாக நிற்பதற்கு அங்கு இடமிருக்கவில்லை.

இந்நிலையில் ஏற்பட்ட முதலாவது உடைவு இரவல் வாங்கிய ஒளியால் நிகழ்ந்தது. 1982 இல் நியூயோர்க்கின் பொதுக்கலை நிதியம் டைம்ஸ் சதுக்கத்தின் கணினி இயக்கும் ஒளிப்பலகையைக் கலைஞர்களின் பயன்பாட்டுக்குப் பெற்றுக்கொடுத்தது. அதிலே ஜெனி ஹோல்சர் தமது குறுவாசகங்களை ஓடவிட்டார். முன்னர் கடதாசியில் அச்சிட்டுத் தெருச் சுவர்களில் ஒட்டிய வாசகங்களே அவை. விளம்பரங்களுக்கு இடையில், விளம்பரத்தின் குரலிலேயே, எதனையும் விற்காத வாக்கியங்கள் தோன்றி மறைந்தன. இதன் அதிர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும் பலகை வேறொருவருடையது. நேரம் அளந்து கொடுக்கப்பட்டது.

இரவல் ஒளி மீறலாக மாறிய தருணத்தை 1985 இல் லண்டனிற் காண்கிறோம். வார்சோவிற் பிறந்து, கைத்தொழில் வடிவமைப்புப் பயின்று, 1977 இற் கனடாவிற் குடியேறிய கிரிஸ்ரொஃப் வொடிஸ்கோ, பொதுக் கட்டடங்களின் மீதும் நினைவுச் சின்னங்களின் மீதும் பெரும் ஒளிப்படங்களை வீழ்த்தும் முறையை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கையாளத் தொடங்கியிருந்தார். டிரஃபல்கார் சதுக்கத்திலே நெல்சன் தூணின்மீது ஏவுகணையின் உருவத்தை வீழ்த்த அவருக்கு அனுமதி இருந்தது. அதே சதுக்கத்திலேதான் நிறவெறி அரசின் தூதரகமான தென்னாபிரிக்க மாளிகையும் நின்றது. வொடிஸ்கோ தமது கருவிகளில் ஒன்றை அப்பக்கமாகத் திருப்பி, மாளிகையின் முக்கோண முகட்டிலே நாஸிகளின் சுவஸ்திகாச் சின்னத்தை வீழ்த்தினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் பொலிஸார் வந்து நிறுத்தினர். பொதுமக்களுக்குத் தொல்லை விளைத்தல் என்பதே கூறப்பட்ட காரணம். தூணுக்குப் பெற்ற அனுமதி மாளிகைக்குச் செல்லாது என்பதைச் சட்டம் நன்கறிந்திருந்தது. கல்லில் ஒரு கீறலும் விழவில்லை. ஆயினும் கட்டடம் தன்னைப் பற்றிக் கூறிவந்த பொய் இரண்டு மணி நேரம் திருத்தப்பட்டிருந்தது.

வொடிஸ்கோ பயன்படுத்திய கருவிகள் பாரமானவை, விலை மிக்கவை. நிறுவனங்களின் துணையின்றிப் பெற முடியாதவை. தெருவில் நின்ற இளைஞனின் கைக்கு ஒளி வருவதற்கு வேறொரு மாற்றம் நேர வேண்டியிருந்தது. அது கலைக்கூடத்திலன்றித் தொழிற்சாலையிலே நிகழ்ந்தது. ஒளிகாலும் இருவாயி என நமது பாடநூல்கள் வழங்கும் எல்.ஈ.டி.யின் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு வடிவத்தை 1962 இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொன்யாக் ஆக்கினார். நெடுங்காலம் அது கருவிகளின் முகப்பில் மினுங்கும் சிறு பொட்டாகவே இருந்தது. பிரகாசமான நீல ஒளி கைகூடியது 1993 இல். யப்பானின் நிச்சியா நிறுவனத்துப் பணியாளரான சுஜி நகமுரா அதனைச் சாதித்தார். நீலம் கிடைத்ததும் வெள்ளையும் சாத்தியமாயிற்று. விலையும் ஆண்டுக்காண்டு வீழ்ந்தது. இக்கண்டுபிடிப்புக்காக நிறுவனம் அவருக்கு முதலில் வழங்கிய வெகுமதி 20,000 யென் மட்டுமே என்பதையும், வழக்காடிய பின்னர் 2005 இற் சுமார் 84 கோடி யென்னுக்கு இணக்கம் காணப்பட்டது என்பதையும் இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கலாம். 2014 இல் அகசாகி, அமானோ ஆகியோருடன் அவர் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வாறு மலிந்துபோன பொருளைத் தெருக்கலைக்கு ஈர்த்தவர்கள் நியூயோர்க்கின் 'கிராஃபிற்றி ஆய்வுகூடம்' என்ற குழுவினர். கட்டடக்கலை பயின்ற எவன் றொத், இயந்திரமனிதப் பொறியியற் றுறையிற் பணியாற்றியிருந்த ஜேம்ஸ் பவுடர்லி ஆகிய இருவரும் ஐபீம் என்னும் கலை - தொழில்நுட்ப நிலையத்தில் இதனைத் தொடங்கினர். அவர்கள் பின்னணியை உணர்தல் அவசியம். 1970களில் அந்நகரத்தின் சுரங்கப் புகையிரதங்கள் முழுவதையும் வறிய வட்டார இளைஞர்கள் தங்கள் பெயர்களால் நிறைத்திருந்தனர். 1972 இல் அதற்கெதிரான நகரச் சட்டம் பிறந்தது. 1989 மே மாதத்தில் எழுத்துள்ள கடைசி வண்டியும் சேவையினின்று அகற்றப்பட்டதாக அதிகாரிகள் அறிவித்தனர். சாயத்தின் போர் ஒருவாறு முடிவுக்கு வந்திருந்த நகரத்திலேதான் ஒளியின் கதை தொடங்குகிறது.

அவர்கள் 2006 அளவிற் பரவச்செய்த 'எறிவிளக்கு' நான்கே பொருட்களால் ஆனது: பத்து மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் எல்.ஈ.டி., கடிகாரங்களிலும் கணினிகளிலும் இடப்படும் 3 வோல்ற்று நாணய வடிவ இலிதியம் பற்றரி, நியோடைமியம் காந்தவில்லை ஒன்று, ஒட்டுநாடாத் துண்டு. எல்.ஈ.டி.யின் இரு கால்களுக்குமிடையே பற்றரியைச் செருகி, காந்தத்தையும் சேர்த்து நாடாவாற் சுற்றினால் வேலை முடிந்தது. பற்றரியின் உட்டடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துமாதலால் வேறு தடையும் தேவையில்லை. இரும்பாலான எதன்மீதும் எறிந்தால் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் வரை ஒளிரும். ஒன்றுக்கான செலவு சுமார் ஒரு டொலர். பாலத்தின் இரும்புத் தூலங்களிலும் புகையிரதங்களின் பக்கங்களிலும் கைநிறைய அள்ளி எறியப்பட்ட இவ்விளக்குகள் நிறப் புள்ளிகளாகத் தங்கின. குழுவினர் செய்முறையைப் படங்களோடு வெளியிட்டுவிட்டனர். எவரும் செய்யலாம், எவரும் மாற்றலாம். தொழில் இரகசியம் என்ற கோட்பாட்டின் மீதே முதலாளித்துவப் பொறியியல் நிலைகொண்டிருந்த சூழலில் இதுவே அவர்களது செய்கையின் கனமான பகுதி எனக் கருதுகிறேன். எறிவிளக்கு தன்னளவில் எதையும் சொல்லவில்லை. அழகாய் மினுங்கியது, அவ்வளவே. இரண்டு வாரத்தின் பின் அது பாலத்தில் ஒட்டிய இலிதியக் குப்பை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காந்தத்தால் ஒட்டும் மின்விளக்குக்கு மறுபக்கமும் உண்டென்பதை 2007 சனவரி 31 ஆம் திகதி பொஸ்ரன் நகரம் கண்டது. தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரொன்றை விளம்பரப்படுத்துவதற்காக, எல்.ஈ.டி.களால் ஆக்கிய சிறு பலகைகள் அமெரிக்காவின் பத்து நகரங்களிற் பாலங்களிலும் சுவர்களிலும் இரகசியமாகப் பொருத்தப்பட்டிருந்தன. ஏனைய நகரங்களில் எவரும் அலட்டிக்கொள்ளவில்லை. பொஸ்ரனிலோ, கம்பியும் பற்றரியும் தெரிந்த அப்பலகை வெடிகுண்டாக ஐயுறப்பட்டது. பெருந்தெருக்களும் பாலங்களும் மூடப்பட்டன. அவற்றைப் பொருத்திய இருவர் கைதாயினர். உரிமையாளரான ரேனர் நிறுவனம் 20 இலட்சம் டொலர் செலுத்தி விடயத்தைத் தீர்த்தது. இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. தெருவின் புதிய மொழியொன்று பிறந்து ஓராண்டு நிறைவதற்குள்ளேயே விளம்பரத் தொழில் அதைக் கவர்ந்துகொண்டது என்பது ஒன்று. அச்சத்தில் வாழப் பழக்கப்பட்ட நகரத்தில், இன்னாருடையது என்று தெரியாத ஒளி ஆயுதமாகத் தோன்றும் என்பது மற்றையது. சோதனைச் சாவடிகளூடாகப் பற்றரியும் கம்பியும் எடுத்துச் செல்ல அஞ்சிய காலமொன்றைக் கடந்துவந்த நம்மவர்க்குப் பிந்தியதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அக்குழுவினர் நெதர்லாந்தின் றொட்டர்டாமில் வேறொரு சாதனத்தை இயக்கிக் காட்டினர். தியோ வொட்சன் இதில் அவர்களோடு இணைந்தார். தெருவில் நிற்பவர் பச்சை லேசர்க் கதிரைத் தொலைவிலுள்ள கட்டடத்தின் மீது அசைப்பார். கமராவொன்று அப்புள்ளியைத் தொடர்ந்து நோக்கும். கணினி அதன் இடத்தைக் கணித்து, சென்ற வழியெங்கும் தடித்த கோடொன்றைப் புரொஜெக்டர் மூலம் அதே சுவரில் வீழ்த்தும். சாயம் வழிவதுபோல் எழுத்திலிருந்து ஒளி வழியும். வழிப்போக்கர் எவரும் கதிரை வாங்கித் தமது பெயரைப் பல மாடி உயரத்தில் எழுதலாம். மென்பொருளும் இலவசமாகவே வெளியிடப்பட்டது.

இவ்வழியில் வந்தவற்றுள் மிக்க மனிதத் தேவையோடு பிறந்தது 2009 இல் ஆக்கப்பட்ட 'கண்ணெழுதி'. ரெம்ப்ற் என்ற பெயரில் லொஸ் ஏஞ்சல்ஸ் சுவர்களில் எழுதிப் புகழ்பெற்ற ரோனி குவான் 2003 இல் நரம்பு நோயொன்றுக்கு ஆளாகி, காலப்போக்கிற் கண்ணைத் தவிர உடல் முழுவதும் அசைவிழந்தார். மலிவான குளிர்க்கண்ணாடிச் சட்டகம், விளையாட்டுக் கருவிக்கென விற்கப்பட்ட சிறு கமரா, அகச்சிவப்பு எல்.ஈ.டி.கள் ஆகியவற்றை இணைத்து, கருவிழியின் அசைவைக் கோடாக மாற்றும் கருவியை அவருக்காக அக்குழுவினரும் நண்பர்களும் ஆக்கினர். மருத்துவச் சந்தையில் அத்தகைய கருவிகள் பல்லாயிரம் டொலருக்கு விற்கப்பட்ட காலத்தில் இதற்கான பொருட்செலவு ஐம்பது டொலர் அளவே. படுக்கையில் இருந்தவாறு அவர் கண்ணால் எழுதிய எழுத்துக்கள் நகர நடுவில் ஒரு கட்டடச் சுவரில் ஒளியாக வீழ்ந்தன. தன் பெயரைச் சுவரில் எழுதுவது வெறும் சேட்டை என்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி முன்னர் எழுப்பிய வினாவுக்கு மீளலாம். 2008 ஓகஸ்ட்டில், ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்துகொண்டிருந்தபோது, திபெத்துக்கு ஆதரவான வாசகத்தை லேசரால் எழுத ஆயத்தஞ் செய்த பவுடர்லி பீஜிங்கிற் கைது செய்யப்பட்டார். பத்து நாள் தடுப்புக்காவல் விதிக்கப்பட்டு, ஆறு நாளளவில் நாடு கடத்தப்பட்டார். இங்கே ஒளி சுவரைத் தொடவேயில்லை. சீன அரசின் கடுமை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் 2014 செப்டெம்பரில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்தின் முகப்பிலே, எண்ணெய்த் தொழிலதிபர் டேவிட் கொக்கின் நன்கொடையைச் சாடும் வாசகங்களை வீழ்த்திய 'இலூமினேற்றர்' குழுவினர் மூவரும் கைது செய்யப்பட்டனர். அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் சட்டவிரோதமாக விளம்பரம் ஒட்டியமை! பசையும் இல்லை, தாளும் இல்லை, விற்பதற்குப் பண்டமும் இல்லை. விளம்பர ஒளியில் மூழ்கிய நகரத்திலே கைக்குக் கிடைத்த சட்டம் இதுவாயிற்று. குற்றச்சாட்டுப் பின்னர் கைவிடப்பட்டதில் வியப்பில்லை. சுவர் பழுதாகிறது என்ற நியாயம் நீங்கியபோது, காக்கப்பட்டுவந்தது சுவரன்று, சுவரிலிருந்து ஊரோடு பேசும் உரிமையே என்பது தெளிவாயிற்று. அவ்வுரிமைக்கு வாடகை செலுத்தியவர்க்குச் சட்டம் வழிவிட்டது.

இலூமினேற்றரின் தோற்றம் இதனினும் சுவையானது. 2011 நொவெம்பர் 17 ஆம் திகதி இரவு, வோல் ஸ்ரீற் ஆக்கிரமிப்பு இயக்கத்தினர் புறூக்ளின் பாலத்தின்மீது ஊர்வலமாகச் சென்றபோது, அருகிலிருந்த வெரைசன் கட்டடத்தின் சாளரமற்ற பெருஞ்சுவரிற் '99%' என்ற குறி வட்ட ஒளியிலே தோன்றியது. கருவி வைக்கப்பட்டிருந்தது எதிரேயிருந்த அரசாங்க மலிவு வாடகைத் தொடர்மாடியிலுள்ள ஒரு தாயின் வீட்டில். கொடுக்க முன்வந்த பணத்தை அப்பெண் ஏற்றுக்கொள்ளவில்லை. தொலைபேசிக் கம்பனியின் சுவரும் ஏழையின் சன்னலும் ஒன்றையொன்று நோக்கி நின்ற அக்கோணத்தை எந்தக் கலைக்கூடமும் வடிவமைத்திருக்க முடியாது. ஸ்பெயினில் 2015 இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தின் முன் நிகழும் ஆர்ப்பாட்டங்கள் சிலவற்றுக்கு 30,000 யூரோ வரை தண்டம் விதித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 10 ஆம் திகதி மட்ரிட்டில் உடலற்ற ஒளியுருவங்கள் பாராளுமன்றத்தின் முன் ஊர்வலம் சென்றன. மனிதர் செல்லத் தடையான இடத்திற்கு அவர்தம் நிழல்கள் சென்றன எனலாம்.

இவ்வனைத்திலும் ஒரு குறைபாடு எனக்குத் தென்படுகிறது. மலிவாய்க் கிடைத்த இலத்திரனியற் பொருட்களின் விடுதலைத் தன்மையைப் போற்றியவர்கள், அவை ஏன் மலிந்தன என்று அரிதாகவே கேட்டனர். ஒரு டொலர் எறிவிளக்கின் பின்னால் இருந்த கைகள் யாருடையவை? 2001 பெப்ரவரியில், எறிவிளக்குத் தோன்றுவதற்கு முன்னரே, வொடிஸ்கோ இவ்வினாவைத் தொட்டிருந்தார். மெக்சிக்கோவின் எல்லை நகரான ரிஹூவானா தொலைக்காட்சிப் பெட்டிகளையும் இலத்திரனியற் பாகங்களையும் அமெரிக்கச் சந்தைக்கெனப் பொருத்தும் தொழிற்சாலைகளால் நிறைந்தது. அவற்றில் உழைத்தோரிற் பெருந்தொகையினர் இளம்பெண்கள். வொடிஸ்கோ அவர்களுள் சிலரோடு நெடுநாள் பழகி, தலையில் அணியத்தக்க சாதனமொன்றை வடிவமைத்தார். முகத்துக்கு நேரே சிறு கமரா, அதனைச் சூழ எல்.ஈ.டி. ஒளி, வாயருகே ஒலிவாங்கி. நகரின் கலாசார நிலையத்துக் கோளவடிவக் கட்டடத்தின் மீது பேசுபவரின் முகம் மட்டும், அந்தக் கணத்திலேயே, மாபெரும் உருவில் வீழ்ந்தது. வேலைத்தலத்துத் தொல்லைகள், வீட்டுக்குள் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை, பொலிஸாரின் அடாவடி ஆகியவற்றைச் சதுக்கத்திற் கூடிய ஊராரின் முன் இரு இரவுகள் அவர்கள் கூறினர். அழுதபோதும் முகம் அசையாது மையத்திலேயே நின்றது. கட்டடமே அழுவதுபோல் இருந்தது. மின்சுற்றுகளைப் பொருத்திய விரல்களுக்கு உரியவர்கள் மின்சுற்றின் மூலமாகவே தம் ஊரோடு பேசினர். இவ்வகைக் கலைகளுள் இதனையே யான் தலையாயதாகக் கொள்வேன். 1978 முதல் கட்டுநாயக்க வலயத்தில் நமது பெண்கள் உழைத்துவந்த வரலாற்றை அறிந்தோர்க்கு அம்முகங்கள் அந்நியமாகா.

நம் நாட்டிலும் அனுமதி பெறாத ஒளி பெருஞ்சுவரொன்றிலே தோன்றியதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலிற் போராட்டம் தொடங்கியது. திடலின் ஓரத்தில் நின்ற சனாதிபதி செயலகம் 1930 இல் குடியேற்ற ஆட்சியின் சட்டசபைக்கெனத் திறக்கப்பட்டு, 1982 வரை பாராளுமன்றமாக விளங்கிய கட்டடம். அம்மாதத்து இரவுகளிலே அதன் தூண்வரிசைகளின் மீது ஆட்சியாளரைப் பதவி விலகக் கோரும் வாசகங்கள் ஒளியால் எழுதப்பட்டன. விளக்கெரிக்க மின்சாரம் இல்லாத நாட்டில் மக்கள் அரசின் முகப்பிலே விளக்கேற்றினர். யூலை 22 அதிகாலையிற் படையினர் செயலகத்தையும் அதன் முன்றிலையும் தம்வசமாக்கினர். பதாகைகளையும் கூடாரங்களையும் அவர்கள் பிடுங்க வேண்டியிருந்தது. ஒளியால் எழுதப்பட்டவற்றிற் பிடுங்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.